தலைப்பு போடுவதற்கு முன்னால் பிரிக்கப் பழக்குங்கள்

ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று தலைப்பு போடுகிறார்கள். நடுவில் நினைவுக்கு வந்ததையெல்லாம் வரிசையில்லாமல் எழுதிவிடுகிறார்கள். தலைப்பு, உட்தலைப்பு, அதற்குள் சிறுதலைப்பு என்று ஒழுங்குபடுத்தி எழுத எப்படிப் பழக்குவது?"

பல வருடங்களாக வகுப்பில் செய்து பார்த்து, பலன் கொடுத்த வழியைச் சொல்கிறேன். தலைப்பு எழுதுவதைக் கடைசியில் வையுங்கள். முதலில் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள். பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தலைப்பு தானாக வரும். பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு நாம் எத்தனை தலைப்பு எழுதிக் கொடுத்தாலும், அதன் கீழே பழைய குழப்பம்தான் இருக்கும்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை மூன்றும் இடத்தைக் குறிக்கும் பெயர்கள். கட்டுரை மழைநீர் சேகரிப்பைப் பற்றியதா, காமராசரைப் பற்றியதா என்று அவற்றை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகள்மேல் தப்பில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடிகிற குறிப்புகளைக் கொடுத்துத்தான் கட்டுரை கேட்கிறார்கள். பிள்ளைகள் அந்தக் குறிப்புகளை அப்படியே உட்தலைப்பாக எழுதி அடிக்கோடு போடுகிறார்கள், மதிப்பெண்ணும் கிடைக்கிறது. தேர்வுக்கு அது போதும். ஆனால் அங்கே பொருளைப் பிரித்தவர் வினாத்தாள் எடுத்தவர், பிள்ளை அல்ல. கல்லூரிக்குப் போய் ஒரு திட்ட அறிக்கை எழுத உட்காரும்போது குறிப்பு கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வேலையை ஒன்பதாம் வகுப்பிலேயே அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் இதற்கு ஒரு நூற்பா இருக்கிறது. "நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது ஓத்தென மொழிப உயர்மொழிப் புலவர்." ஒரே இனத்து மணிகளை வரிசையாகக் கோப்பதுபோல, ஓரினப் பொருள்களை ஓரிடத்தில் வைத்தால் அது ஓத்து. நாம் இன்று இயல், பகுதி என்று சொல்வதுதான் இந்த ஓத்து. இனம் சேர்ப்பது முதலில், வரிசை அடுத்தது. பெயர் வைப்பது பற்றி இந்த நூற்பாவில் பேச்சே இல்லை. வகுப்பிலும் அதே வரிசையில் போகலாம்.

எப்படி என்று ஒரு வகுப்பை வைத்துக் காட்டுகிறேன். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளாக எடுங்கள். நான் அடிக்கடி எடுப்பது பனைமரம். தேடிப் படிக்கும் வேலை இல்லாததால் கவனம் முழுக்க ஒழுங்குபடுத்துவதில் இருக்கும். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, பனையைப் பற்றி ஒரே ஒரு செய்தி எழுதச் சொல்லுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு செய்திதான், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரும்பாலும் இப்படி வரும்: நுங்கு கோடையில் கிடைக்கும். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஓலையில் பெட்டியும் விசிறியும் முடைவார்கள். பழைய நூல்களைப் பனை ஓலையில் எழுதினார்கள். கொட்டையைப் புதைத்து வைத்தால் கிழங்கு கிடைக்கும். ஆண் பனையில் நுங்கு காய்க்காது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால்தான் பதநீர் புளிக்காது. ஏரிக்கரையில் பனை இருந்தால் கரை அரிக்காது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனையேறிகள் தவறி விழுந்து அடிபடுகிறார்கள். பனை காய்ப்புக்கு வரப் பல வருடம் ஆகும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. தென்னையிலும் கள் இறக்குவார்கள்.

சீட்டுகளையெல்லாம் தரையில் பரப்பி, "எதெது ஒன்றாக இருக்க வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். தலைப்பு என்ற சொல்லை அப்போது எடுக்கவே வேண்டாம். முதல் சுற்றில் "பயன்கள்" என்று ஒரு குவியல் கட்டாயம் உருவாகும். முக்கால்வாசிச் சீட்டுகள் அதற்குள் போய்விடும். அடுத்ததாக "சிறப்புகள்" என்று ஒன்று வரும், பயன்களுக்கும் சிறப்புகளுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த இடத்தில் ஒரே ஒரு விதியைச் சொல்லுங்கள்: பாதிக்குமேல் சீட்டுகள் ஒரே குவியலில் இருந்தால் அதை உடைக்க வேண்டும். உடைக்கச் சொன்னதும் பிள்ளைகளே தின்பது, குடிப்பது, முடைவது, எழுதுவது, மண்ணைக் காப்பது என்று பிரிப்பார்கள். தின்பதும் குடிப்பதும் உணவாகச் சேரும். உணவுக்குள் பதநீரும் அதிலிருந்து வரும் கருப்பட்டியும் கற்கண்டும் ஒரு பக்கம், நுங்கும் பழமும் கிழங்கும் இன்னொரு பக்கம் என்று மறுபடி பிரியும். சிறுதலைப்பு என்றால் என்ன என்று அந்த நிமிடம் விளக்கினால் புரிந்துவிடும், ஏனென்றால் அதை அவர்களே செய்து முடித்திருப்பார்கள். நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் என்று இரண்டு உண்டு. இந்தத் தரையில் நடப்பது அதுதான்.

அப்புறம் சண்டை வரும். வரட்டும். சுண்ணாம்புச் சீட்டை எங்கே வைப்பது? பதநீர் புளிக்காமல் இருப்பதற்காகத் தடவுவதால் உணவில் சேர வேண்டும் என்பார்கள் சிலர். பனையேறி தினமும் செய்கிற வேலை, ஆகவே தொழிலில் சேர வேண்டும் என்பார்கள் மற்றவர்கள். இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். "இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் படிப்பவர் மனதில் எது நிற்க வேண்டும்?" என்று கேளுங்கள். பனையேறிகளின் பாடு நிற்க வேண்டும் என்றால் சுண்ணாம்பு அவர்கள் பக்கம் போகும். பனந்தின்பண்டங்கள் நிற்க வேண்டும் என்றால் பதநீர் பக்கம் போகும். நான் பார்த்தவரை, எழுதுகிறவர் என்ன சொல்ல வருகிறார் என்பதுதான் பிரிவைத் தீர்மானிக்கிறது என்பதை மாணவர்கள் முதன்முதலாக உணர்வது இந்தச் சண்டையில்தான். சுண்ணாம்புக்காக ஒரு பாடவேளை முழுக்கப் போனாலும் நஷ்டமில்லை.

இரண்டு சீட்டு எந்தக் குவியலிலும் சேராமல் தனியாகக் கிடக்கும். ஒன்று மாநில மரம். மரம் முழுவதையும் பற்றிய செய்தி அது, ஒரு பகுதிக்குள் அடங்காது. அதை முன்னுரைக்கு எடுத்துக்கொள்ளலாம். முன்னுரையில் என்ன எழுதுவது என்று விழிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை. மற்றொன்று தென்னைச் செய்தி. நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாகச் சொல்லும் மற்றொன்று விரித்தல் இதுதான். எழுதிய பிள்ளையின் மனம் நோகாமல், "இது நல்ல செய்தி, தென்னைக் கட்டுரைக்கு எடுத்து வைப்போம்" என்று சொல்லி ஓரமாக வையுங்கள். தெரிந்ததையெல்லாம் எழுத வேண்டியதில்லை என்று பழகுவதும் ஒழுங்குபடுத்துவதில் ஒரு பகுதி.

இனிப் பெயர் வைக்கலாம். "உணவு", "தொழில்", "பிரச்சினைகள்" என்று ஆரம்பிப்பார்கள். தப்பில்லை, ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. "பிரச்சினைகள்" என்பதன் கீழ் இருக்கும் சீட்டுகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். மரமேறிகள் விழுகிறார்கள், மரம் ஏற ஆள் குறைகிறது. அப்படியென்றால் "குறைந்துவரும் பனையேறிகள்" என்று வைக்கலாமே? கீழே உள்ளதைப் படிக்காமலே என்ன வரப்போகிறது என்று தெரிகிற தலைப்பு நல்ல தலைப்பு. அதற்காக ஒரு முழு வாக்கியத்தையே தூக்கித் தலைப்பாக வைக்கவும் விடாதீர்கள். பள்ளிக் கட்டுரைக்கு மூன்று நான்கு சொல் போதும்.

ஒரே நிலையில் உள்ள தலைப்புகள் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். ஒன்று "பனையின் உணவுகள்" என்றும், அடுத்தது "ஓலை எதற்குப் பயன்படுகிறது?" என்றும், அதற்கடுத்தது "பனையைக் காப்போம்!" என்றும் இருந்தால், மூன்று பேர் எழுதியதை ஒட்டியதுபோல் இருக்கும். இதற்குத் திருக்குறளின் அதிகாரப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அன்புடைமை, அடக்கமுடைமை, ஒழுக்கமுடைமை, பொறையுடைமை என்று ஒரு வரிசை. அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை என்று இன்னொரு வரிசை. இருக்க வேண்டியவை எல்லாம் ஒரு வாய்பாட்டில், கூடாதவை எல்லாம் ஒரு வாய்பாட்டில். பிள்ளைகள் குறளை மனப்பாடம் செய்திருப்பார்கள், பெயர்களை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எது பெரிய தலைப்பு, எது அதற்குள் அடங்கியது என்று காட்டவும் குறளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நூல், அதற்குள் பால், பாலுக்குள் இயல், இயலுக்குள் அதிகாரம். மொத்தம் 133 அதிகாரம், அதில் பொருட்பாலில் மட்டும் 70. பரிமேலழகர் பகுப்பின்படி அந்த 70இல் முதல் 25 அதிகாரங்கள் அரசியல். "கல்வி" என்ற 40ஆவது அதிகாரம் எந்த இயலில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அரசியலில் என்றதும் வகுப்பு ஆச்சரியப்படும். கல்வி ஏன் இல்லறவியலில் இல்லை? நாட்டை ஆள்பவனுக்கு வேண்டிய முதல் தகுதிகளில் ஒன்றாக அது வைக்கப்பட்டிருக்கிறது. அதே பத்துக் குறளை வேறோர் இயலில் வைத்திருந்தால் வேறு கோணத்தில் படித்திருப்போம். ஒரு பகுதியை எந்தப் பெரிய தலைப்பின் கீழ் வைக்கிறோம் என்பதே ஒரு கருத்து என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாராளமாகப் புரியும்.

பிரிக்கிற ஆர்வத்தில் சில பிள்ளைகள் எல்லை மீறுவார்கள். இரண்டு வரிக்கு ஒரு தலைப்பு போட்டால் கட்டுரை பட்டியலாகிவிடும். ஒரு தலைப்பின் கீழ் ஒரு பத்தியாவது இருக்கட்டும். ஒரே ஒரு சிறுதலைப்பு மட்டும் வந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள், பிரித்தால் இரண்டு துண்டாவது வர வேண்டும். நான்கு பக்கத்துக்குக் குறைவான பள்ளிக் கட்டுரைக்கு உட்தலைப்பு, சிறுதலைப்பு என இரண்டு நிலைக்குமேல் வேண்டாம். கதை, கடிதம், அனுபவத்தை எழுதும் சிறு கட்டுரை இவற்றுக்கு உட்தலைப்பே தேவையில்லை. பாட்டிக்கு எழுதும் கடிதத்தில் "நலம் விசாரிப்பு" என்று அடிக்கோடு போட்ட நோட்டையும் நான் திருத்தியிருக்கிறேன். எங்கே வேண்டாம் என்று நாம் சொல்லித்தராததால் வருவது அது.

பிள்ளைகள் எழுதியதைச் சோதிக்க எளிய வழி, தலைப்புகளை மட்டும் தனித்தாளில் எழுதிப் பக்கத்து மாணவரிடம் கொடுப்பது. கட்டுரை என்ன சொல்கிறது என்று அவரால் சொல்ல முடிகிறதா? சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் பிற்பகுதிப் பெயர்களை மட்டும் வரிசையாகப் படித்துக் காட்டுங்கள். அடைக்கலக் காதை, கொலைக்களக் காதை, ஆய்ச்சியர் குரவை, துன்ப மாலை, ஊர்சூழ் வரி, வழக்குரை காதை, வஞ்சின மாலை, அழற்படு காதை. கோவலனையும் கண்ணகியையும் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைப்பதில் தொடங்கி மதுரை எரிவது வரை, பெயர்களிலேயே கதை ஓடுகிறது. அதன் பிறகு அவர்கள் கட்டுரையின் தலைப்புகளைப் படிக்கச் சொல்லுங்கள். வரிசை எங்கே இடறுகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இன்னொரு பிழை எல்லா வகுப்பிலும் வரும். "கருப்பட்டி" என்று தலைப்பு போட்டுவிட்டு, கீழே முதல் வரி: "இது பதநீரைக் காய்ச்சித் தயாரிக்கப்படுகிறது." தலைப்பை அழித்துவிட்டுப் படித்தால் "இது" எதைக் குறிக்கிறது என்று தெரியாது. தலைப்பு பத்திக்குள் சேராது, பத்தி தன் காலில் நிற்க வேண்டும். "பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிறார்கள்" என்று எழுதினால் தீர்ந்தது. சிவப்பு மையில் "இது" என்ற சொல்லை மட்டும் வட்டமிட்டுக் கொடுத்துப் பாருங்கள். சில கட்டுரைகளுக்குள்ளேயே இந்தப் பழக்கம் போய்விடும்.

கட்டுரையின் முகப்பில் வரும் தலைப்பைக் கடைசியாக எழுதச் சொல்லுங்கள். இதிலும் நன்னூல் உதவும். நூலுக்கு எந்தெந்தக் காரணத்தால் பெயர் அமையும் என்று அது பட்டியலே போடுகிறது: முதல்நூல், எழுதியவர், அளவு, மிகுதி, பொருள், எழுதச் செய்தவர், தன்மை முதலான காரணங்கள், காரணம் தெரியாத இடுகுறி. எழுதியவரால் வந்த பெயர் தொல்காப்பியம், தன்மையால் வந்தது நன்னூல். மாணவர் கட்டுரைக்குப் பொருள், மிகுதி, தன்மை மூன்றும் பயன்படும். பனைக் கட்டுரையில் பாதிக்குமேல் பனையேறிகளைப் பற்றி இருந்தால், மிகுதி பார்த்து அதற்குப் பெயர் வைக்கலாம். "பனைமரம்" என்று மொட்டையாக விட வேண்டியதில்லை.

பதிற்றுப்பத்தின் வழியும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் உண்டு, அந்தப் பாட்டுக்குள் வரும் அழகான ஒரு தொடரையே பெயராக வைத்திருக்கிறார்கள். புண்ணுமிழ் குருதி, பூத்த நெய்தல் என்பன போல. "நீ எழுதியதில் உனக்கே பிடித்த ஒரு தொடரைக் கண்டுபிடி, அதைத் தலைப்பாக வைத்துப் பார்" என்று மாணவரிடம் சொல்லுங்கள். தலைப்பு கிடைக்காமல் திணறும் பிள்ளைக்கு அதுவரை எழுதிய பக்கங்களே தலைப்பைக் கொடுத்துவிடும். அப்படி ஒரு தொடர்கூடக் கிடைக்கவில்லை என்றால், கட்டுரையை இன்னொரு முறை எழுத வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

இதற்கு நேர்மாறான பயிற்சியும் வைத்துக்கொள்ளுங்கள். சமூக அறிவியல் பாடம் ஒன்றின் இரண்டு பக்கத்தை நகலெடுத்து, உட்தலைப்புகளை மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். பிள்ளைகள் படித்துத் தலைப்பு வைக்கட்டும், பிறகு புத்தகத்தோடு ஒப்பிடட்டும். சில இடங்களில் பிள்ளைகள் வைத்தது புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாக இருக்கும், அதை எல்லோர் முன்னாலும் சொல்லிப் பாராட்டுங்கள். செய்தித்தாளிலிருந்து செய்திகளை வெட்டி, தலைப்பைக் கத்தரித்துவிட்டும் இதைச் செய்யலாம்.

தாளில் தோற்றம் பற்றிக் கொஞ்சம். தலைப்பு நடுவில், உட்தலைப்பு இடதுபக்கம் தனி வரியில், சிறுதலைப்பு கொஞ்சம் உள்ளே தள்ளி. தலைப்புக்குப் பின் முற்றுப்புள்ளி வேண்டாம். நிறப் பேனாக்களில் பிள்ளைகள் நேரத்தைச் செலவழிக்க விடாதீர்கள், ஓர் அடிக்கோடு போதும்.

கணினியில் தட்டச்சு செய்யும் மாணவர்களுக்கு மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் அது பார்வைக்கு மட்டும்தான் தலைப்பு. வேர்டு, லிப்ரே ஆபிஸ் போன்றவற்றில் இருக்கும் ஹெடிங் 1, ஹெடிங் 2 பாணிகளைப் பயன்படுத்தினால்தான் கணினி அதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். பொருளடக்கத்தைத் தானே உருவாக்கும். அதைவிட முக்கியம், பார்வையற்ற மாணவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மூலம் அதைப் படிக்கும்போது எச் விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். தடித்த எழுத்து மட்டும் இருந்தால், அவர் முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான். உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால், அவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளுக்குத் தலைப்பின் பயன் காதால் கேட்டே விளங்கும்.

திருத்தும்போது முதல் இரண்டு மூன்று கட்டுரைகளுக்கு எழுத்துப்பிழையைத் தொடாதீர்கள். ஒழுங்கை மட்டும் பாருங்கள். இடம் மாறிய வாக்கியத்தின் பக்கத்தில் "இது எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும்?" என்று கேள்வியாக எழுதுங்கள், அம்புக்குறி போட்டு நீங்களே மாற்றிக் காட்டாதீர்கள். ஆறாம் வகுப்புக்கு இனம் சேர்ப்பதும் ஒரு தலைப்பு வைப்பதும் போதும். ஏழு, எட்டில் உட்தலைப்பு. உங்கள் ஒன்பதாம் வகுப்பு இதற்கு முன் எதுவும் பழகாமல் வந்திருந்தால், சிறுதலைப்புக்கு அவசரப்பட வேண்டாம். முதல் பருவம் முழுக்கச் சீட்டுகளோடு தரையில் உட்காருங்கள். சீட்டில்லாமல் நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே குறிப்பெழுதிப் பிரிக்கத் தொடங்குகிற பிள்ளைக்கு, அன்றே அடுத்த நிலையைக் காட்டிவிடலாம்.